இடது கைக்கு ஒரு கேம் பெட்டி

என் அண்ணனின் வலது கையைத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் வாங்கிக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியம்மா, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கய்யா" என்றார். சொல்லிவிட்டு, தான் வாங்கிவந்த ஆரஞ்சை இரண்டு கையாலும் உரித்துத் தானே தின்றார். கை என்ன தலைப்பாகையா, கழற்றி ஆணியில் மாட்டுவதற்கு? வாய்வரை வந்ததை அம்மாவுக்காக விழுங்கினேன்.

நஷ்டஈடு வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றினோம். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் அம்மாவுக்குப் புதிதாக ஒரு தையல் மெஷின் வாங்கினோம். அண்ணன்தான் வாங்கச் சொன்னான். அதுவரை அவன் நன்றாகத்தான் இருந்தான்.

பிறகு கிள்ளானில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் இலை போட்டாயிற்று. அண்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்தான். பரிமாறிக்கொண்டிருந்த மாமா சாம்பார் வாளியோடு நின்று, "என்னாப்பா, பீச்சாங்கையாலயா?" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி கேட்டார். யாரோ ஒரு கரண்டியைக் கொண்டுவந்து இலையில் போட்டார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் இலையைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் தன் அறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டான். பிறகு சாப்பாட்டுக்கு மட்டும் என்றில்லை, எப்போதுமே கதவு சாத்தியிருந்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவி கேமுக்கு அவன்தான் ராஜா. ஒரே கண்ட்ரோலர். ஒருவர் செத்தால் அடுத்தவர் முறை. என் ஆள் குழியைத் தாண்டும் நேரம் பார்த்து என் இடுப்பில் கிள்ளுவான். நான் விழுந்து, அழுது, அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தால், "செத்தவங்க பேசக் கூடாது" என்பான். அப்பேர்ப்பட்ட கொடுமைக்காரன் சுவரைப் பார்த்துக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பாசம் என்று சொன்னால் அவனே சிரிப்பான். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனை அந்த அறையைவிட்டு வெளியே இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை எனக்கு. கடலை மிட்டாய் அளவில் ஒரு குட்டிக் கணினி கிடைக்கிறது. வெறும் சர்க்யூட் பலகைதான். மெமரி கார்டில் பழைய கேம்களை ஏற்றிச் செருகினால், எங்கள் காலத்து டிவி கேம் மொத்தமும் அதற்குள் ஓடும். அதற்கு ஒரு சின்னத் திரையும் பேட்டரியும் வாங்கினேன். பொத்தான்களைச் செத்துப்போன கண்ட்ரோலர்களிலிருந்து பிடுங்கினேன். கூடு, பள்ளிப் பிள்ளைகள் ரொட்டி கொண்டுபோகும் பிளாஸ்டிக் டப்பா. சூடான கம்பியால் ஓட்டை போடப்போய் முதல் டப்பா உருகி நாறியது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன லா, கடையில பொணம் எரிக்கிறியா?" என்றார்.

எல்லாவற்றையும் ஒரே கைக்குள் கொண்டுவர வேண்டும். இடது கட்டைவிரலுக்குத் திசைப் பொத்தான். குதிப்பதும் சுடுவதும் டப்பாவின் முதுகில், மற்ற விரல்கள் தானாகப் போய் உட்காரும் இடத்தில். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து, என் வலது கையை அம்மாவின் அளவு நாடாவால் முதுகோடு கட்டிக்கொண்டு விளையாடினேன். அம்மா வந்து பார்த்தார். பளார் என்று கன்னத்தில் விட்டார்.

"ஏண்டி, வீட்டுல ஒரு மொண்டி கெடக்குறது பத்தாதா உனக்கு?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சொன்னதை எந்தக் கையால் பொத்தி என்ன பயன்?

கேம் பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாம் ஒரு பக்கமாவே இருக்கு. மொண்டிக்குன்னு ஸ்பெஷலா செஞ்சதா? மேல எழுதி ஒட்ட வேண்டியதுதானே."

"எழுதலாம்னுதான் பார்த்தேன். டப்பாவுல இடம் பத்தல."

வெளியே போகச் சொன்னான். ஆனால் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. பகலில் உள்ளேயிருந்து டிங் டிங் என்று சத்தம் வருவதாக அம்மா என்னிடம் குசுகுசுத்தார். நான் ஒரு வேலை செய்திருந்தேன். சார்ஜரை ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டி, வயரைச் சுவரோடு அடித்துவைத்திருந்தேன். பேட்டரி தீர்ந்தால் ஐயா வெளியே வந்துதான் தீர வேண்டும். வந்தான். முதலில் வைத்துவிட்டு ஓடினான். அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஆயுத பூஜை வந்தது. யார் எதை வைத்துச் சம்பாதிக்கிறார்களோ, அதைச் சாமி முன்னால் வைப்பது வழக்கம். அம்மாவின் புது மெஷின், கத்தரிக்கோல், நான் பற்றவைக்கும் சோல்டர் கம்பி எல்லாம் வரிசையாக இருந்தன. வழக்கமாக அண்ணனின் தொழிற்சாலைக் கையுறைகள் இருக்கும் இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கேம் பெட்டியைப் பிடுங்கி அங்கே வைத்தார். கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, முதுகுப் பொத்தான்வரை குங்குமம் வைத்தார். நான் தடுப்பதற்குள் கூப்பிட்டும்விட்டார்.

"வாய்யா. உன்னோடதும் வச்சிருக்கேன்."

அந்தக் கிள்ளான் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் முதல்முறையாகப் பூஜைக்கு வந்து நின்றான். குளித்து, வேட்டி கட்டியிருந்தான். வரிசையைப் பார்த்தான்.

"நான் இதுலதான் சம்பாதிக்கிறேனா அம்மா?"

அண்ணன் கீழே உட்கார்ந்தான். மொட்டையாய் நின்ற வலது கையைக் கத்தரிக்கோலுக்கும் கேம் பெட்டிக்கும் நடுவில் நீட்டிவைத்தான்.

"இந்த மெஷினை யாரு வாங்கிக் குடுத்தா? கூரையை யாரு மாத்துனா? நான் ரெண்டு கையோட இருந்தப்பகூட இவ்வளவு சம்பாதிச்சதில்ல. இதுக்கு வைங்க பொட்டு."

"அண்ணே, வேணாம்" என்றேன்.

"வைங்க அம்மா."

அம்மா வைத்தார். தழும்பின்மேல் சந்தனம் நிற்காமல் வழிந்தது. மறுபடி எடுத்து வைத்தார். கற்பூரம் காட்டினார். அண்ணன் இடது கையால் திருநீறை எடுத்துப் பூசிக்கொண்டு எழுந்து போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றார். எனக்கு அவர்மேலும் கோபம், அவன்மேலும் கோபம், அந்தப் பெட்டியைச் செய்த என்மேலும் கோபம்.

மறுநாள் காலையில் பூஜையிலிருந்து பொருள்களை எடுத்தாயிற்று. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குதிக்கிற பட்டன் ஒட்டுது. சந்தனம் காஞ்சுபோச்சு."

"ஊசியால நோண்டி எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கலாம். பிடிச்சுக்க ஒரு கை, நோண்ட ஒரு கை வேணும். உன்கிட்டதான் ரெண்டு இருக்கு. அம்மாகிட்ட சொல்லாத, அழும்."

நான் ஊசியை எடுத்தேன். பொத்தான் இடுக்கிலிருந்து மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆட்டத்தைத் தொடங்கினேன். என் ஆள் ஓடிப்போய் முதல் குழியை நெருங்கியது.

இடுப்பில் சுரீர் என்றது. இடது கைதான், ஆனால் பழைய வலது கைக்கு இருந்த அதே பலம். நான் அலறிவிட்டேன். என் ஆள் குழிக்குள் போனது. அண்ணன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"என்னாடி சத்தம் அங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்தவங்க பேசக் கூடாது" என்றான்.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.