பதினெட்டு பீரோவும் ஒரு வாசலும்

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் கை எதையாவது அளக்கும். கல்யாணமான புதிதில், நான் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைச் சாண் போட்டு அளந்துவிட்டு, "புள்ளி ஒன்னு அஞ்சு கன மீட்டர் வரும்" என்றார். அம்மாவை விட்டுவந்த அழுகையில் இருந்த எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. பதினாறு வருடமாகியும் அது முழுதாகப் போகவில்லை.

கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் அவருக்கு வேலை. யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, இத்தனை கன மீட்டர், கன்டெய்னரில் இவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். ஆபீஸில் அவரை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், மரப்பட்டறை நடத்துகிறார். அங்கே பாலிஷ் போடுவது நான். போன வருடம் முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. கண்ணாடி பதித்த பீரோ பதினெட்டு. குறிப்பிட்ட கப்பலில் ஏறாவிட்டால் ஆர்டர் ரத்து. அதை நம்பி நாத்தனார் நான்கு பேரைப் புதிதாக வேலைக்குச் சேர்த்திருந்தார்.

"பெட்டியோட சேத்து எவ்வளவு உயரம் வைக்கலாம்டா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"கன்டெய்னர் உள்ள ரெண்டு மீட்டர் முப்பத்தொன்பது. நீ ரெண்டு முப்பத்திரண்டு வச்சுக்கக்கா. வரிசைக்கு ரெண்டா ஒன்பது வரிசை. இருபத்தேழு புள்ளி அஞ்சு ஆறு கன மீட்டர். கச்சிதமா உக்காரும்." தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

அந்த அளவில்தான் எல்லாம் செய்தோம்.

சரக்கு ஏற்றும் நாளன்று விடிந்ததிலிருந்தே அவர் சரியில்லை. கணக்கை நான்கு முறை போட்டுப் பார்த்தார். நான்கு முறையும் ஒரே விடை. அப்படியும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். பெட்டிகளோடு நாத்தனார் லாரியில் முன்னால் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் போனோம். பஸ்ஸிலும் சீட்டின் முதுகைச் சாண் போட்டுக்கொண்டே வந்தார்.

"சும்மா வாங்களேன். பக்கத்துல இருக்கவங்க பாக்கறாங்க."

"எங்கயோ ஒன்னு இடிக்குது."

ஒரு நிறுத்தத்தில் நெட்டையான ஆள் ஒருவர் ஏறினார். படியில் தலையைக் குனிந்து நுழைந்து, உள்ளே வந்ததும் நிமிர்ந்து நின்றார். அவ்வளவுதான். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"கூரை உசரம், வாசல் தாழ்வு" என்றார்.

எனக்குப் பிறகுதான் புரிந்தது. கன்டெய்னர் வாசல், உள்ளே இருப்பதைவிடத் தாழ்வு. இரண்டு மீட்டர் இருபத்தெட்டுதான். அவரிடம் வருவதெல்லாம் இடுப்பளவு அட்டைப் பெட்டிகள். அதற்கு வாசல் எதற்கு? ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கன்டெய்னர் அளவு அட்டவணையில் கடைசிக் கட்டம் வாசல் உயரம். அதன்மேல்தான் எங்கள் மகளின் பள்ளிக்கூடப் படத்தைச் செருகி வைத்திருந்தாராம்.

சரக்கு ஏற்றும் யார்டில் கன்டெய்னரைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். முதல் பெட்டி வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. நாத்தனார் அதன் பக்கத்திலேயே நின்றார். அந்தக் கப்பலுக்கு யார்டு கேட்டை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். அப்போது மணி பன்னிரண்டு.

"சாச்சு உள்ள விட்டு நிமித்திடலாம் சார்" என்றார் ஏற்றுகிற மேஸ்திரி.

இவர் உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டார். "நிமித்தும்போது மூலைக்கு மூலை ரெண்டு முப்பத்தொன்பது, அதுக்கு மேல ஆறு மில்லிமீட்டர். கூரை இடிக்கும்."

"அப்ப படுக்க வச்சிருங்க."

"கண்ணாடி உடையும்."

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதுக்கா. நான் வாசலைப் பாக்கல." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அத்தனை வருடக் கோபத்தையும் மீறி எனக்குப் பாவமாக இருந்தது.

நாத்தனார் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் வண்டி தூக்குவதற்காகக் கீழே இரண்டு கட்டைகள் அடித்திருந்தோம். பத்து சென்டிமீட்டர் உயரம்.

"இதை எடுத்தா?"

"ரெண்டு இருபத்திரண்டு. நுழையும். ஆனா அப்புறம் வண்டியால தூக்க முடியாது. கையாலதான் தள்ளணும்."

"தள்ளு."

ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கம் லேசாகத் தூக்க, நாத்தனார் கடப்பாரையால் கட்டையைப் பெயர்த்தார். ஆணி பிடுங்கியது நான். இவரும் மேஸ்திரியின் ஆட்களும் இரும்புக் குழாய்களை அடியில் உருட்டிவிட்டுப் பெட்டியைத் தள்ளினார்கள். ஒரு பெட்டிக்குப் பத்து நிமிஷம், சிலதுக்குப் பதினைந்து. சோறு, தண்ணீர் எதுவும் இல்லை. அவர் சட்டை கிழிந்தது. இரண்டு பெட்டிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, பயம்.

பதினேழாவது உள்ளே போனபோது கேட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான். கெஞ்சிப் பார்த்தோம். ஐந்து நிமிஷம்கூடத் தரவில்லை.

இவர் நின்றபடியே சரக்குக் காகிதத்தில் பழைய கணக்கை அடித்துவிட்டு, இருபத்து நாலு புள்ளி ஒன்பது ஒன்று கன மீட்டர் என்று எழுதி அவனிடம் கொடுத்தார். நாத்தனார் ஓரமாகப் போய் ஆர்டர் கொடுத்தவரிடம் ஃபோனில் பேசினார். பதினேழு போதும், மீதி அடுத்த கப்பலில் வரட்டும் என்று அவர்கள் சொன்னபிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது லாரியில் மூவரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பின்னால் ஒற்றைப் பெட்டி தடதடத்துக்கொண்டு வந்தது. அக்கா திட்டட்டும் என்று இவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகியிருப்பார். பாதி வழியில் நாத்தனார் வாயைத் திறந்தார்.

"அடுத்த மாசம் இன்னும் பத்து கேக்கறாங்க. எவ்வளவு உயரம் வைக்கலாம்?"

கேட்டவுடன் பதில் வரும் மனிதர். நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கால் ஆடவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

"நாளைக்குச் சொல்றேன்கா. நேர்ல போய் வாசலை அளந்துட்டு."