போர்வைக்கு அடியில் பதினாறு சட்டைகள்

அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். யாருடைய கைரேகையையும் பார்த்தவர் அல்ல. கைபேசிக்குள் இருக்கும் நகத்தளவு சிப்பில், ஓடுகிற புரோகிராம் ஒரு வேலையை முடித்துவிட்டு எந்த இடத்துக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பகுதியை வடிவமைப்பதுதான் அவர் வேலை. அவர் மனைவிக்குச் சந்தேகம் என்று பெயர். அவள் சோதனைப் பிரிவு. வடிவமைப்பவர் செய்ததை நம்பாமல் இருப்பதற்கே அவளுக்குச் சம்பளம். ஜோசியரும் சந்தேகமும் ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ என்று காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். நன்றாகவே நடத்தினார்கள், பதினோரு வருஷம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நாற்பத்தாறு வயது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி என்று துக்கம் கேட்க வந்த ஒரு புண்ணியவான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லியே விட்டார். அவள் காதில் விழாதது போல இருந்துகொண்டாள். ஆனால் மறக்கவில்லை.

குழந்தை இல்லாத வீடு அது. மிச்சம் இருந்தது அவளும், அவருடைய அம்மாவும், சிப்புக்குள் அவர் போட்டுவிட்டுப் போன அந்தப் பகுதியும். பழைய சிப்பில் திரும்பும் முகவரிகளை எட்டு வரைதான் நினைவில் வைக்க முடியும். அவர் அதைப் பதினாறாக்கினார். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அதற்கு மூன்று வருஷம் பிடித்தது. மூன்று வருஷமும் மனிதர் குளிக்கும்போதுகூடப் பதினாறைப் பற்றித்தான் யோசித்தார்.

"அவன் செஞ்சது எப்பம்மா வெளிய வரும்?" என்று மாமியார் மாதம் ஒரு முறையாவது கேட்பார்.

"அடுத்த வருஷம் போன்ல வந்துரும் அத்தை."

"வந்ததும் எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு. எனக்குப் பேச ஆளில்ல. சும்மா கையில வச்சிருக்கேன்."

அவளுக்கும் அதைத் தவிர வேறு ஆசை இல்லை. கோடிக்கணக்கான பேர் பையில் அவர் செய்தது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஓடினால் அவர் முழுக்கப் போய்விடவில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். படித்த பெண் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் யாரும் சாகவில்லை என்று அர்த்தம்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சிப் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விவரக் குறிப்பை, செய்கிறவரும் சோதிக்கிறவரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டாலும் மற்றவர் சரியாகப் புரிந்துகொண்டு பிடித்துவிடுவார் என்பதற்காக. சந்தேகம் வந்தால் எழுத்தில் கேட்க வேண்டும், பதில் எழுத்தில் வர வேண்டும், எல்லார் கண்ணிலும் பட வேண்டும். ஆள் பற்றாக்குறையில் கணவனையும் மனைவியையும் ஒரே பகுதியில் போட்டபோது டீம் லீடர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "வீட்ல சண்டை போடுங்க, கொஞ்சுங்க, என்ன வேணா பண்ணுங்க. இத மட்டும் பேசாதீங்க." அவர்களும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் ஏதாவது ஆரம்பித்தால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

அவர் போய் எட்டு மாதம் கழித்து, சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போகப் பத்து நாள் இருக்கும்போது, அவருடைய நாற்காலிக்கு வந்திருந்த பெண் அவள் மேஜைக்கு வந்து நின்றாள். வேறு அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், கெட்டிக்காரி. கையில் ஒரே ஒரு தாள்.

"அக்கா, உங்க சோதனையில விலக்கு குடுத்த வரி மொத்தம் நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி ஒண்ணுல யாரு சொன்னாங்க, என்னைக்குச் சொன்னாங்கன்னு இருக்கு. இந்த ஒண்ணுல மட்டும் 'நடக்காது'ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. யாரு சொன்னாங்க?"

விலக்கு என்றால், இந்த நிலைமை வரவே வராது, இதைச் சோதிக்க வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லும் வரி. அவள் தாளைப் பார்த்தாள். யார் சொன்னார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"பாத்துச் சொல்றேன்" என்றாள்.

அவர் அதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வேலை மலையாகக் குவிந்திருந்தது. எழுத்தில் கேட்டால் பதில் வர இரண்டு நாள். கணவர் இரண்டடி தூரத்தில். "ஒரே ஒரு தடவை" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்று வருஷமாகப் பூட்டி வைத்த வாய். மடித்த சட்டைகளை எடுத்துக் கட்டில் நடுவில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாரு, ஒரு வேலைய நடுவுல விட்டுட்டு இன்னொரு வேலைக்குப் போறேன். எங்க திரும்பி வரணும்னு இந்தச் சட்டையில எழுதி வைக்கிறேன். அதுக்குள்ள இன்னொரு வேலை, இன்னொரு சட்டை. திரும்பறப்ப மேல இருக்கறத எடுத்தாப் போதும். கடைசியா வச்சது முதல்ல வரும்."

"இது எனக்குத் தெரியாதாக்கும்!"

"ரெண்டாவது. பதினாறு சட்டைதான். பதினேழாவது வந்தா அடிச்சட்டை போச்சு. மூணாவது, ஊகம் தப்பாப் போச்சுன்னா? தப்புறதுக்கு முன்னாடி எத்தனை சட்டை இருந்துச்சுன்னு ஒரு சீட்டுல குறிச்சு வச்சிருப்பேன். சீட்டப் பாத்துப் பழையபடி ஆக்கிடுவேன்."

"ஒரு ஆப்ப விட்டு இன்னொரு ஆப்புக்கு மாறும்போது? பழையவனோட முகவரி புதுசா வந்தவன் கையில சிக்கக் கூடாதே."

அவர் கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்துச் சட்டைகளின் மேல் விரித்தார். "நாலாவது, அவ்வளவுதான். எண்ணிக்கை சைபர். துணி அடியில கிடந்தா கிடந்துட்டுப் போகுது. இல்லன்னு சொல்லியாச்சு, யாரும் கை வைக்க மாட்டாங்க."

"யாராவது போர்வைய விலக்கினா?"

"யாரு விலக்குவா, உன்னத் தவிர? அது நடக்கவே நடக்காது."

அவள் சிரித்தாள். மறுநாள் காலை அலுவலகத்தில் அந்த வரியை எழுதினாள். நடக்காது. அதற்குப் பிறகு அவர் ஏழு வாரம் உயிரோடு இருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திரும்பத் திரும்ப மனதில் எடுத்துப் பார்த்துக்கொண்டது அந்த ஒரு மத்தியானத்தைத்தான்.

இப்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் செய்திருக்கக் கூடியது பல. 'குறிப்பின்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் யாரும் தோண்டப் போவதில்லை. செத்தவர் வந்து மறுக்கப் போவதும் இல்லை. பத்து நாள் பல்லைக் கடித்தால் அவர் செய்தது உலகத்துக்குப் போய்விடும். மத்தியானம் வரை அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவும் போகவில்லை. ஆனால் சந்தேகம் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, சோதனையை ஓடவிட்டாள்.

மாலை நாலரைக்குத் திரையில் சிவப்பு விழுந்தது, தோல்வி.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆப் மாறுகிறது, போர்வை விழுகிறது, எண்ணிக்கை சைபர். ஆனால் மாறுவதற்கு முன்பு செய்த ஓர் ஊகம் தப்பு என்று அப்புறம்தான் தெரியவருகிறது. உடனே அந்தச் சீட்டு. சீட்டில் பழைய எண்ணிக்கை. அதைப் பார்த்துப் பழையபடி ஆக்கும்போது போர்வை விலகி, அடுத்தவன் சட்டை அத்தனையும் புதிதாக வந்தவன் கையில். தப்பென்று தெரிந்து சிப் திரும்பி வந்துவிடும்தான். ஆனால் போன இடத்தில் தடம் இருக்கும், ரகசியம் திருடுகிறவனுக்கு அந்தத் தடம் போதும்.

அவர் மூன்றாவதாகச் சொன்னதே நான்காவதைப் பொய்யாக்கியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தவள் யார்? ஊரில் எல்லாருடைய தப்பையும் பிடிக்கிறவள். அன்று அவள் சட்டைகளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூட்டம். சரிசெய்ய எவ்வளவு நாள் என்று டீம் லீடர் கேட்டார். நாற்காலிக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க மூன்று மாதம் என்றாள். கையில் இருப்பது ஒன்பது நாள்.

"சுவிட்ச் இருக்கே" என்றாள் ஜோசியரின் மனைவி. வேறு யாரும் சொல்லத் துணியவில்லை.

புதிதாகச் செய்யும் எந்தப் பகுதிக்கும் பக்கத்தில் ஓர் அணைக்கும் சுவிட்ச் வைப்பார்கள். அதை அணைத்தால் புதியது தூங்கிவிடும், எட்டு முகவரி வைக்கும் பழைய பகுதியே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் பகுதிக்கு அது வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடம்பிடித்தவளும் அவள்தான். இதே அறையில் அவர் எகிறினார். "பிறக்கறதுக்கு முன்னாடியே பாடை கட்டுவாங்களா?" "நான் கட்டுவேன். அதுக்குத்தான என்னை வச்சிருக்காங்க" என்று அவள் பதிலடி கொடுக்க, மேஜை முழுக்கச் சிரிப்பு. அவரும்தான் சிரித்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு டீம் லீடர் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷன். "அறிக்கையில ஏன் தவறிச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு. குறிப்பு தெளிவா இல்லன்னு போட்டுருங்க. அவரையும் இழுக்க வேணாம், உங்களையும் இழுக்க வேணாம்."

"அப்படிப் போட்டா இந்த ஒரு வரியோட விட்டுருவாங்க சார். அன்னைக்கு அவர் எங்கிட்ட நாலு விஷயம் சொன்னார். நாலையும் நான் அப்படியே சோதனையில எழுதியிருக்கேன். நாலையும் வேற யாராவது பாக்கணும்."

எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி என்று எழுதினாள். வீட்டில் வாய்மொழியாக என்று எழுதினாள். அவர் சொன்னதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மறுபடி சோதிக்கவும்' என்று போட்டாள். போர்வையைப் பற்றி எழுதவில்லை, அது அறிக்கைக்குத் தேவையில்லை. தனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு மத்தியானத்தை எண் போட்டு ஊரார் கையில் கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுசோதனையில் முதல் மூன்றும் தனித்தனியே சரி என்று வந்தது. நாற்காலிக்காரப் பெண் ஓடிவந்து சொன்னாள்: "அக்கா, நாலுல மூணு சரி." கேட்டவளுக்கு அன்று சாயங்காலம் முழுக்க அதில் ஒரு பெருமை இருந்தது. கடைசி நாளில் சுவிட்சின் தொடக்க மதிப்பை மாற்றும் வரியில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். ஒன்று இருந்த இடத்தில் சைபர். சைபர் என்றால் புதியது தூங்கும். போட்டாள்.

அடுத்த வருஷம் கைபேசி வந்தது. சொன்ன சொல் தவறாமல் ஒன்று வாங்கி, மாமியார் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் செஞ்சது இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு அத்தை."

அது உண்மைதான். அவருடைய பதினாறும், ஒன்றுகூடக் குறையாமல் உள்ளே இருந்தது. மாமியார் அதைக் கீழே வைக்கவே இல்லை. ஒளிப்படம் பார்த்தார், யாரோ பாடுவதைக் கேட்டார், அதையும் இதையும் அமுக்கிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, கைபேசியை அவள் கன்னத்தில் வைத்தார்.

"தொட்டுப் பாரேன், எப்படிச் சுடுதுன்னு. வேலை செய்றான், இல்ல?"

சிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது, எது எவ்வளவு சுடும் என்ற பட்டியல் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் அவருக்கு நேரே இருப்பது சைபர்.

"ஆமா அத்தை" என்றாள்.