அண்ணனின் நாவலும் அம்மா சுமந்த பால்குடமும்

அன்பு உறவினர்களே, நண்பர்களே! எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவர் இல்லாத வீடு எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

"நாவலப் பத்தியும் சேகரப் பத்தியும் ரொம்ப எழுதாதம்மா, நாலு பேரு படிப்பாங்க" என்று, தங்கை நான் இதை எழுத உட்கார்ந்தபோது மாமா கேட்டுக்கொண்டார். இரண்டையும் விட்டால் அண்ணனைப் பற்றி எழுத என்ன மிச்சம்?

மலேசியாவில், சிகாமட் அருகே ஒரு தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். வெள்ளம் வந்தால் அம்மா அரிசியைப் பரணில் ஏற்றுவார். அண்ணன் புத்தகங்களை ஏற்றி உதை வாங்குவார். பிறகு ஜொகூர் பாருவுக்குக் குடிவந்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். எல்லைப் பாலத்து நெரிசலில் மற்றவர்கள் பஸ்ஸில் தூங்க, இவர் எழுதினார். எந்தக் கல்யாணத்துக்கும் நேரத்தோடு வந்ததில்லை. வந்தாலும் சமையற்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார்.

அவருடைய முதல் நாவலில், முருகனுக்குக் காவடி எடுக்கும் ஒருவன் இன்னோர் ஆணை நேசிக்கிறான். அட்டையில் வேல் படம் இருந்ததால் பக்திப் புத்தகம் என்று நினைத்த எங்கள் அத்தைமார், அதைச் சாமி மேடையில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். ஒருவர் பிரித்துப் படித்தார், வந்தது வினை. அவ்வாண்டு தைப்பூசத்தில், விரதமிருந்து பால்குடத்தோடு நின்ற அண்ணனைக் கோயில்காரர் ஒருவர் தடுத்தார்.

"இந்த வருசம் வேணாம் தம்பி. ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

அண்ணனின் கண் கலங்கியது. அம்மாதான் குடத்தை வாங்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவன் முருகனுக்கு நேர்ந்துகிட்டான், உங்களுக்கு இல்ல லா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அண்ணன் பின்னாலேயே போனார். அதன்பிறகும் அவர் முருகனையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை.

அண்ணனோடு பல்லாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் சேகர். சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுத்தபோது டயாலிசிஸுக்கு அழைத்துப்போனதும், கஞ்சி ஊட்டியதும், கடைசி மூச்சுவரை கையைப் பிடித்திருந்ததும் அவர்தான்.

"நண்பர்னு போட்டு, அவருக்கும் நன்றி சொல்லிடலாம்" என்றார் மாமா.

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களாடா?" என்றார் அம்மா.

அண்ணனுக்குத் தோள்கொடுத்தவர்கள், துக்க வீட்டில் சமைத்துப் போட்டவர்கள், மெர்சிங்கிலிருந்து அடைமழையில் வந்தவர்கள், எங்கள் மாமா, அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இப்படிக்கு,
அம்மா, சேகர், தங்கை