இரண்டு பிரசவம், ஒரே பதில்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்காதான். ஓட்டுநர் பள்ளியின் பழைய வெள்ளைக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்ச்சை விடாதீங்க, கிளட்ச், கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் சிக்னலில் நிற்கும் மற்ற வண்டிக்காரர்களையும் திரும்பிப் பார்க்கவைக்கும். ஸ்டீயரிங்கைத் தொடவே பயப்படுகிறவர்களை முதலாளி அவளிடம்தான் அனுப்புவார்.

வெளியே அப்படி. வீட்டில் நாத்தனாருக்கு முன்னால் மட்டும் கொஞ்ச காலம் அவளுக்கு வாய் அடைத்துப்போயிருந்தது.

காரணம் மூத்த மகள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயைக் காட்டுவாள். அவ்வளவுதான்.

மாடியில் குடியிருந்த நாத்தனார், கணவனின் அக்கா, மூன்று பிள்ளைகளைப் பெற்றவள். காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"வலிக்குப் பயந்து முதுகுல ஊசி போட்டுக்கிட்டா இப்படித்தான் ஆகும். மருந்து உனக்கு மட்டுமா போகும்? குழந்தை மூளைக்கும்தானே போகும்?"

முதல் பிரசவத்தில் வலி முறுக்கிப் பிழிந்து, கத்துவதற்கும் தெம்பில்லாமல் போனபோது, ஊசியைக் கேட்டு வாங்கியது அவள்தான். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தினார்கள். வலி தணிந்தது. வெளியே வந்த மகளைச் சிரித்துக்கொண்டே கையில் வாங்கினாள். அந்தச் சிரிப்பையே இப்போது குற்றமாக்கியிருந்தாள் நாத்தனார். தூங்கும் மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குழந்தை வளர்ச்சி டாக்டரிடம் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டரம்மா காதைச் சோதித்தார், கட்டைகளை அடுக்கவைத்தார், படங்களைக் காட்டினார்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க, டாக்டர். நான் போட்டுக்கிட்ட ஊசியாலயா?"

"அந்த ஊசியாலதான் பேச்சு தள்ளிப்போகுதுன்னு சொல்ற அளவுக்கு எங்ககிட்ட ஆதாரம் இல்லம்மா. அப்புறம் எதனாலன்னு கேட்டா, இப்போதைக்குத் தெரியல. பேச்சுப் பயிற்சியை ஆரம்பிச்சிடலாம்."

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்னது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நாத்தனாருக்கு இல்லை.

"டாக்டருங்க அவங்க மருந்தை விட்டுக்கொடுப்பாங்களா?"

"அவங்களே தெரியலைங்கறாங்க. உங்களுக்கு எப்படி அண்ணி தெரிஞ்சுது?" என்றாள் கிளட்ச் அக்கா. அடைத்திருந்த வாய் அன்றுதான் திறந்தது.

அடுத்த பிள்ளை உண்டானபோது கணவன் தயங்கித் தயங்கி வந்தான். அச்சகத்தில் வேலை பார்ப்பவன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன்.

"இந்தத் தடவை ஊசி வேணாமேன்னு அக்கா சொல்றா."

"கடைவாய்ப் பல் பிடுங்கப் போனப்ப, மரத்துப்போச்சா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே இன்னொரு ஊசி கேட்ட ஆளு நீங்க. எனக்கு வேணும். நானே கேட்டு வாங்குவேன்."

அவன் தாடையைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

ஆனால் கேட்டு வாங்க முடியவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே வலி வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டாவது கியரைத் தாண்டியே பழக்கமில்லாதவர். வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

"மூணாவது போடுங்க சார்!"

"போடலாமாம்மா? வண்டி திமிறுதே?"

"வண்டி திமிறல சார், புள்ள திமிறுது! போடுங்க!"

அவர் போடவேயில்லை. சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். பிரசவ அறைக்குள் நுழைந்ததும், "தலை தெரியுது, இனி ஊசிக்கெல்லாம் நேரமில்லை" என்றுவிட்டார் நர்ஸ். வலி முழுவதையும் தாங்கித்தான் இளையவளைப் பெற்றாள்.

இளையவள் ஒரு வயதிலேயே வாயாடத் தொடங்கினாள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்த ஒரு மதியம், சொந்தபந்தத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"இப்பவாவது ஒத்துக்கோ. ஊசி போட்டுப் பெத்தது ஊமையா உக்காந்திருக்கு. போடாம பெத்தது கிளி மாதிரி பேசுது."

கிளட்ச் அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் பொண்ணை ஊமைன்னு சொல்றது இதுதான் கடைசித் தடவையா இருக்கணும், அண்ணி. ரெண்டு குழந்தைங்களை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்லாதீங்க. ரெண்டு விதமாவும் பெத்தவ இந்த வீட்டுல நான் ஒருத்திதான். நாளைக்கு மூணாவது பொறந்தாலும் ஊசிதான் கேப்பேன். தாங்கிக்கிட்டதால நான் ஒசத்தியும் இல்ல, தாங்காததால மட்டமும் இல்ல."

கணவன் மெதுவாக, "அக்கா, சோறு ஆறுது, சாப்பிடு" என்றான். அவனுக்கு அதுவே பெரிய சண்டை.

மூத்தவளுக்குப் பேச்சு மெல்ல வந்தது, பயிற்சியில் ஒவ்வொரு சொல்லாக. முதலில் தெளிவாக வந்தது "வேணாம்". தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட வந்த நாத்தனாரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். இன்றைக்கும் யோசித்துத்தான் பதில் சொல்வாள். பள்ளியில் மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் அவள் ஆரம்பிப்பாள். கிளட்ச் அக்கா அவளை அவசரப்படுத்துவதில்லை.

சில வருடம் கழித்து நாத்தனாரின் மகள் முழுகாமல் இருந்தாள். ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, எனக்கு அந்த ஊசி வேணும். அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு."

"எதுக்குக் குசுகுசுன்னு பேசறே? சத்தமா சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

நின்றாள். நாத்தனார் அழுதாள், கத்தினாள், ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மகள் அசைந்து கொடுக்கவில்லை. பிரசவத்தன்று ஊசி போட்ட பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தாள் நாத்தனார். மகள் தலையணையில் சாய்ந்து, "வாம்மா" என்று கூப்பிட்டாள். நாத்தனார் போய் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிளட்ச் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்தப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

"தாராளமா கேளுங்க, அண்ணி. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."