மலையில் போடக் கூடாத பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ரோடு கொஞ்சம் அகலம். அருவி பார்க்க மலைக்கு வருகிற கார்கள் அங்கேதான் நின்று மூச்சு வாங்கும். அன்றைக்கும் ஒரு வெள்ளைக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ பாட்டு. நான் காதில் வாங்கவில்லை. வாரா வாரம் ஏதாவது ஓடும்.

திடீரென்று ஒற்றைக் கொம்பு ஊதியது. மேளம் இல்லை, தாளம் இல்லை. அடியிலிருந்து ஏறி, ஓரிடத்தில் நின்று நடுங்கி, மறுபடி ஏறியது. தட்டுகிற கட்டை கையிலிருந்து நழுவ, நான் எழுந்து நிற்கிறேன். முழங்கால் வலி எங்கே போனதோ. அதற்குள் காரில் இருந்த பெண் பாட்டை நிறுத்திவிட்டாள்.

வராமல் நின்றுபோன தும்மல் எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரியும்தானே? எனக்கு அப்படி இருந்தது. ஏனென்றால் அந்தக் கொம்பு என் சின்ன வயசிலும் பாட்டின் அதே இடத்தில்தான் பாதியில் நின்றுபோனது.

அப்போது எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. ஆஸ்பத்திரி என்று இரண்டு அறை. அதற்கு ஒரு டாக்டரம்மா, மெட்ராஸ்காரர். சின்ன வயசு. நான் அவருக்குச் சமைத்து, கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்து, யாராவது பேர் கேட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். டாக்டரம்மாவுக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும். பேச வேண்டியதில்லை, பாட்டுப் போட்டுவிடலாம்.

பேட்டரியில் ஓடுகிற ரிக்கார்டு பெட்டி ஒன்று வைத்திருந்தார். அவர் அடிக்கடி போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அதன் உறை அட்டையில் வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், முடி வளர்த்துக்கொண்டு, கையில் பித்தளைக் குழாய்களோடு நிற்பார்கள். அட்டையை முகர்ந்தால் ஆஸ்பத்திரி லோஷன் வாசனை வரும். இப்போதும் ஊசி போட்டுக்கொள்ளப் போனால் அந்த வாசனைக்கு என் கால் தாளம் போடுகிறது. நர்சு, பயத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

எப்போதும் போடுகிற முதல் பக்கம் மேளத்தோடு ஆரம்பிக்கும். ஒருவன் தொண்டை கட்டின குரலில் யாரோடோ சண்டை போடுவதுபோலப் பாடுவான். அவன் மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்துக் குழாய்க்காரர்கள் எல்லாரும் ஒரே வெட்டாக உள்ளே பாய்வார்கள். நடுவில் ஒரு கிதார் தகரத்தைக் கீறும். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் உட்கார விடாது. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டுவேன். களி கிண்டினால் கை அந்த வேகத்துக்குப் போய் மேலெல்லாம் தெறிக்கும். "ஏம்மா, அடுப்புல சமைக்கிறியா, சண்டை போடறியா?" என்று டாக்டரம்மா சிரிப்பார்.

ஒரு நாள் காலையில், இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டுச் சன்னலையும் திறந்து வைத்தார். அதுதான் ஒற்றைக் கொம்போடு ஆரம்பிக்கிற பக்கம்.

எங்கள் மலையில் கொம்பு என்றால் பித்தளையில் வளைந்து நிற்கும். அதை ஊதினால் பாட்டு இல்லை, அழைப்பு. சாவாகவோ சாமி காரியமாகவோ இருக்கும். ஊதின சத்தம் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, சத்தம் வந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

அன்றைக்கும் அப்படியே வந்து நின்றார்கள். சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு வந்தார்கள். ஒருவர் பாதி முகம் சவரம் செய்தபடி. "யார்ரா போய்ட்டது?" "டாக்டரம்மா தான் போலக்குது!" டாக்டரம்மா வாசலுக்கு வந்து நின்றதும் முன்னால் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். உள்ளே போய்த் தட்டின் மேல் ஓடிய ஊசியைத் தூக்கிப் பெட்டியை நிறுத்தினார். கொம்பு பாதியில் நின்றது.

"யாரும் சாகலைங்க. பாட்டுங்க."

மாரில் அடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவிக்குக் கோபம். "வழியெல்லாம் அழுது தீத்துட்டு வந்துகீறேன். இப்ப இன்னா, சிரிச்சுக்கினு போவணுமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஊர்த் தலைவரான கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கொம்ப சும்மா ஊதினா, நாளைக்கு நெசமா ஊதறப்போ ஒருத்தனும் வர மாட்டான். பொணத்த தூக்க ஆள் இருக்காதுங்க."

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. முதல் பக்கம் போடலாமா என்று கேட்டார். "அது மோளம்தானே, போடுங்க. மோளத்துக்கு யாரு ஓடியாரப் போறா." கொம்பு வருகிற பக்கத்தை மட்டும் மலையில் போடுவதில்லை என்று பேச்சானது. டாக்டரம்மா மாற்றலாகிப் போகிறவரைக்கும் போடவில்லை. தட்டும் அவரோடு மலை இறங்கியது. கொம்புக்கு அப்புறம் என்ன வரும் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. சமைக்கிறபோது நானே ஒன்று கட்டிப் பார்ப்பேன். சரியாக வராது.

கார் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கிளம்பப் போகிறார்கள். நான் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். என்ஜின் உறுமினதும் போய்க் கண்ணாடியைத் தட்டிவிட்டேன்.

"என்ன பாட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"இப்ப ஓடிச்சே பாட்டு… முழுசா போடுவியாம்மா?"

"எது, சாமி பாட்டா?"

"இல்ல. அந்தக் கொம்பு."

ஓட்டுகிற இடத்தில் இருந்த அவளுடைய அப்பா, நரைத்த தாடிக்காரர், என்னை ஒரு தரம் பார்த்தார். என்ஜினை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினார்.

கொம்பு ஏறியது, நின்று நடுங்கியது, மறுபடி ஏறியது. அந்த இடத்தைத் தாண்டியது! பின்னாலேயே இரண்டாவது கொம்பு, மூன்றாவது. இழுத்து இழுத்து ஊதுகிற நீளக் குழாய் ஒன்று. அப்புறம் பட்டி திறந்துவிட்ட ஆடுகள் மாதிரி மேளமும் கிதாரும் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. நான் கட்டிப் பார்த்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. கடைசியில் எல்லாம் அடங்கி, பழைய ஒற்றைக் கொம்பு மட்டும் மறுபடி ஊதியது.

என்னை அறியாமல் ரோட்டோரம் போய்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"யாராவது வரணுமாம்மா?" என்றார் தாடிக்காரர்.

"இல்லீங்க," என்றேன்.

சரிவுக்குக் கீழே ஒரு வீட்டு மாடியில் ஒருவன் போனைப் பார்த்தபடி இருந்தான். நிமிரவில்லை. இப்போது சாவுச் செய்தி அதில்தான் வருகிறது. ஊர்க் கொம்பு கோயில் அறையில் விரிசல் விட்டுக் கிடக்கிறது. இவ்வளவு சத்தமாகக் கொம்பு ஊதியும் ஒருத்தரும் வரவில்லை. நான் மட்டும்தான் வந்திருந்தேன்.