வாரம் ஒரு மாத்திரை

வடதுருவத்துக்குக் கிட்டே இருக்கும் இவாலோ ஊரில் மரம் வெட்டுகிறவர்களின் சாப்பாட்டுக்கூடத்தில் முப்பது வருடம் சமைத்தவர் அவுனே அம்மா. நாற்பது பேருக்குச் சளைக்காமல் பரிமாறியவருக்கு, எழுபத்தொன்பது வயதில் தனக்கென்று ஒரு கிண்ணம் மீன் சூப் வைக்க மனம் வரவில்லை. கணவர் போய் ஆறு வருடம். ஒரே மகள் கையா தெற்கே துர்க்குவில் இருந்தாள்.

நான் அந்தப் பகுதியின் நர்ஸ். நவம்பர் கடைசியில் டாக்டர் அவருக்கு வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். தினமும் போட மறந்துவிடுகிறாரே என்று, வீரியமான மாத்திரையாக, ஞாயிறுதோறும் ஒன்று. பெட்டியில் இருபத்துநான்கு இருந்தன.

ஜனவரி நடுவில் பிரஷர் பார்க்கப் போனேன். பகல் பதினொரு மணிக்கும் ஜன்னலில் நீல இருட்டுதான். டிசம்பர் தொடக்கத்தில் அடியோடு மறைந்த சூரியன் இன்னும் சரியாகத் தலைகாட்டவில்லை. அவருக்கு உதடு வெடித்திருந்தது. கையில் தண்ணீர்க் குவளை.

“தாகம் அடங்கவே மாட்டேங்குதும்மா. சாப்பாட்டப் பாத்தாலே குமட்டுது.”

பெட்டியைத் திறந்தேன். இரண்டே மாத்திரைகள்.

“ஞாயித்துக்கிழமைதானே போடச் சொன்னாங்க?”

“ஞாயித்துக்கிழமைதான் போட்டேன்.”

“ஏழு வாரத்துல இருபத்திரண்டு ஞாயித்துக்கிழமையா?”

குவளையை மேசையில் வைத்தார்.

“கையா ஞாயித்துக்கிழமதான் கூப்பிடுவா. மாத்திரையப் போட்டுட்டு போன் பக்கத்துல உக்காருவேன். மணி அடிக்கலைன்னா, சரி, இன்னிக்கு ஞாயிறு இல்லபோல, நாளைக்குத்தான்னு நினைச்சுப்பேன்.”

“காலண்டர் மாட்டியிருக்கே.”

“இருக்கு. இன்னிக்கு எந்தக் கட்டம்னு அது சொல்லுமா?”

வைட்டமின் டி அளவுக்கு மீறியதில் ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போயிருந்தது. ரோவனியேமி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கையாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

“புது வேலை. ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட். அம்மா ஒரு வார்த்தை கேக்கலியே,” என்றாள். வந்தாள், நான்கு நாள் இருந்தாள், போனாள்.

கால்சியம் இறங்கி, வசந்தம் வந்தபிறகு டாக்டர் சின்ன மாத்திரைக்கு மாற்றினார். தினம் ஒன்று, காலைக் காப்பியோடு.

“இதுக்குக் கிழமை பாக்க வேண்டாமே?” என்று கேட்டார் அவுனே அம்மா.

“வேண்டாம்.”

“நல்லதாப் போச்சு.”

அந்த நிம்மதி எனக்கு என்னவோ போலிருந்தது. மாத்திரை போட்டாரா என்று தினமும் காலையில் கூப்பிடட்டுமா என்றேன்.

“உனக்கு வேற வேலை இல்லியா?” என்றார்.

இருந்தாலும் கூப்பிடுகிறேன். முதல் மணி முடிவதற்குள் போனை எடுத்துவிடுகிறார்.