கணிதத்தில் சித்தி கேட்டு நான் போட்ட சண்டை

நான் ஜெனிட்டா, கண்டிப் பக்கம் குண்டசாலை. எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி, அதாவது பாஸ். ஆனாலும் ஆசிரியை ஆவதற்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டுமாம். நான் இரண்டு தடவை தோற்றவள். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டே மூன்றாம் தடவை எழுதினேன்.

எங்கள் சபையில் விசுவாசத்தோடு முன்கூட்டியே நன்றி சொல்வது வழக்கம். நானும் பெறுபேறு வருமுன்னே மைக்கைப் பிடித்து, "கணக்குப் பாடத்தில் சித்தி தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பெறுபேறு வந்தது. மறுபடியும் தோல்வி! வெட்கத்தில் இரண்டு ஞாயிறு சபைப் பக்கமே போகவில்லை. கல்லூரிக்கான வயதெல்லை தாண்டுமுன் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது ஓர் அக்கா என் கையைப் பிடித்து, "ஒனக்கு விசுவாசம் பத்தல தங்கச்சி. டீச்சர் வேல கர்த்தருக்கு விருப்பமில்ல, விட்டுரு" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"விசுவாசம் இருந்துச்சுக்கா. படிப்புதான் பத்தல."

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன். "முடியாதுன்னா நீங்களே சொல்லுங்க. மத்தவங்க வாயால சொல்ல வேணாம். முடியும்னா, சொல்லித்தர ஒரு ஆள அனுப்புங்க." அழுதேன். ஆனால் கெஞ்சவில்லை.

மறுநாள் கடையில் என் வீங்கிய கண்ணைப் பார்த்து, காசாளர் ரிஸானா என்னவென்று கேட்டாள். மடவளை ஊர் முஸ்லிம் பிள்ளை, என் வயதுதான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"ஒனக்குப் பைத்தியமா? ரெண்டே முக்கால் மீட்டர் துணிக்கு மனசாலேயே வெல சொல்ற. ஒனக்கா கணக்கு வராது? நாளைக்கு புத்தகத்தக் கொண்டா."

அன்று முதல் ஏழு மாதம், பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் பின்னமும் சமன்பாடும்தான். பிழையாகப் போட்டால் என் சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்துவிடுவாள். "நானும் ஒனக்காக துஆ கேக்குறேன். மொதல்ல இந்தக் கணக்க முடி" என்பாள். வேறென்ன அடையாளம் வேண்டும் எனக்கு?

பரீட்சை மண்டபத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஒருத்தி என்னை மேற்பார்வைக்கு வந்தவள் என்று நினைத்து எழுந்து நின்றாள். "இருங்க தங்கச்சி, நானும் எழுதத்தான் வந்தேன்" என்றேன்.

சித்தியடைந்தேன். அதுவும் சாதாரணச் சித்திக்கு மேலான திறமைச் சித்தி! சபையில் எழுந்து, கர்த்தர் எனக்கு அனுப்பிய ஆள் ரிஸானா என்று பெயர் சொல்லியே சாட்சி சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இன்று நான் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குக் கடுகண்ணாவைப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போகிறேன். பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவது 'கணக்கு டீச்சர்' என்று. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

பிரியமானவர்களே, ஆண்டவர் உங்களுக்கு முடியாது என்று சொன்னதாக யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். அவரிடமே போய்க் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.